மெஷினுக்குப் பத்தியம்

திருப்பதியில் மெஷின்கள் சாவதுண்டு. ஆனால் ஒரு மெஷின் செத்துவிட்டது என்று ரிப்பேர்க்காரர் புத்தூர்க் கட்டு ஒப்புக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. துருப்பிடித்து, அடியில் எலி குடித்தனம் நடத்தி, பேரீச்சம்பழக்காரனே கும்பிடு போட்டுத் திருப்பி அனுப்பிய கிரைண்டரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தாலும், காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உசிர் கீது சாமி" என்பார்.

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊர் புத்தூர். கை கால் ஒடிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள வருகிறார்களே, அதே புத்தூர். "நீங்க அந்தக் கட்டுக்கார வம்சமா?" என்று யாராவது கேட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அவங்க தெருவுக்குப் பின்தெரு" என்பார். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் ஊரிலுள்ள மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் எல்லாவற்றுக்கும் வைத்தியம் நடந்தது.

அவர் அகராதியில் மெஷின் ரிப்பேர் ஆகாது. எலும்பு முறியும், நரம்பு பிசகும், சுளுக்கிக்கொள்ளும். எங்கள் தெருக்கோடி வாத்தியார் வீட்டு ஃபேனுக்குச் சுளுக்கு என்று சொல்லி, நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் குடும்பத்தில் ஒரு தலை பாக்கியில்லாமல் எண்ணெய். வாத்தியார் கத்தினார். இவர் அசரவில்லை. "சனிக்கெழமதானே? அப்பிடியே தலைக்கு ஊத்திக்கோ சாமி." வேறொரு வீட்டில் துணி பிழிகிறபோதெல்லாம் ஹால் வரைக்கும் நடந்து வந்த வாஷிங் மெஷினை ஜன்னல் கம்பியோடு துண்டால் கட்டிப்போட்டு, "இப்பத்தான் நடக்கக் கத்துக்கினு கீது, வுழுந்துடப் போவுது" என்றார்.

இந்த மகானிடம் நாங்கள் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன்.

எங்கள் அகத்தில் பாத்திரம் கழுவுகிற மெஷின் ஒன்று இருந்தது. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் மைத்துனன், அமெரிக்காவுக்கு மூட்டை கட்டும்போது எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது. என் மனைவி அம்புஜம் அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆசாரம் கற்றுக்கொடுத்தாள். தளிகைப் பாத்திரங்கள் முதலில் தனியாக உள்ளே போகும். அவை வெளியே வந்த பிறகுதான் எச்சில் தட்டுகள். நடுவில் மஞ்சள் ஜலம் தெளித்துக் காலி மெஷினை ஒரு ஓட்டு. கரண்ட் பில்லைப் பார்த்து நான் பெருமாளைக் கூப்பிடுவேன்.

அப்புறம் அந்த மெஷின் இல்லாமல் நடக்காது என்றாகிவிட்டது. பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண் செல்போன் ஃபாக்டரி வேனில் ஏறிப் போய்விட்டாள். யார்தான் போகமாட்டார்கள்? அடுத்ததாக அம்புஜம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடித்துக்கொண்டாள். புத்தூரில்தான் கட்டுப் போட்டார்கள். "என்ன மருந்து சேர்க்கறேள்?" என்று துருவிய அவளுக்கு, "பச்சிலையும் வெள்ளையும்மா" என்று பதில் வந்தது. வெள்ளைத் துணியைத்தான் சொல்கிறார்கள் என்று திருப்தியாகக் கையை நீட்டினாள். எலும்பு கூடியது. ஆனால் அடிப்பிடித்த வெண்கலப்பானையை அழுத்தித் தேய்க்கிற வலு அந்தக் கைக்குத் திரும்பி வரவேயில்லை. நான் தேய்த்தாலோ, நான் அந்தண்டை போனதும் அவள் அத்தனையையும் திரும்பத் தேய்ப்பாள்.

ஆகவே ஒருநாள் மெஷின் தட்டில் சாதப் பருக்கைகளை அப்படியே திருப்பிக் கொடுத்தபோது, நான் முதலில் பார்த்தது அவள் மணிக்கட்டைத்தான்.

ஷோரூம் பையன் வந்து பார்த்தான். "சார், இதுக்கு பார்ட்ஸே ராது, எங்கயும் கிடைக்காது. எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க." டல்லாஸிலிருந்து எங்கள் பிள்ளை, "அப்பா, புதுசு ஆர்டர் போட்டுடறேன்" என்றான். அம்புஜம் ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"புது மெஷினுக்கு முதல்லேர்ந்து ஆசாரம் கத்துக்கொடுக்க எனக்குத் தெம்பு இல்லைடா" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கட்டைக் கூப்பிடுங்கோ."

கட்டு வந்தார். மெஷினின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"இன்னா துன்னுதும்மா இது?"

"சாத்தமுது, குழம்பு, கறியமுது... வெள்ளிக்கிழமைன்னா புளியோதரை."

"அதான பாத்தேன். புளி ஜாஸ்தி." உள்ளே தலையை விட்டு, அடியில் சுழன்று தண்ணீர் பீய்ச்சுகிற நீளமான பிளாஸ்டிக் கையை உருவி எடுத்தார். நடுவில் விரிசல். "பாத்தியாம்மா? கை ஒடிஞ்சிக்கினு கீது. உனக்கு ஒடிஞ்ச மாதிரியே."

அம்புஜம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அதுவரை அது மெஷின். அந்த நிமிஷம் முதல் அது அவளுக்குக் கூடப்பிறந்த பிறவி ஆகிவிட்டது.

"சரியாயிடுமா?"

"ஏமி காதும்மா, பயப்படாதே. பச்சிலை கூட வாணாம். மூங்கில் பத்தை வெச்சி, வெள்ளை போட்டுக் கட்டிட்டா ஒட்டிக்கும்."

வெள்ளை என்றதும் அவள் உள்ளே ஓடி, என் வெள்ளை வேஷ்டிகளிலேயே நல்லதாக ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். கட்டு அதை வாங்கிக்கொண்டு, "துணியும் வோணும்தான்" என்றார். அந்த 'உம்'மை நாங்கள் கவனித்திருக்க வேண்டும். அவர் அந்தக் கையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் கட்டோடு கை திரும்பி வந்தது. மாட்டிவிட்டுச் சட்டம் போட்டார்.

"புளி ஆவாது, காரம் ஆவாது. கட்டு பிரிக்கிற வரிக்கும் பத்தியம். இன்னொண்ணு, கட்டுனவன் கைதான் பிரிக்கணும். வேற யாரும் கை வெக்கக் கூடாது."

"பத்தியம் யாருக்கு?" என்றேன்.

"மெஷினுக்கு. ஆனா நீ துன்றதைத்தான சாமி அது துன்னுது?"

ஆக, மெஷினின் கை ஒடிந்ததற்கு நான் மோர் சாதம் சாப்பிட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

ஸ்விட்சைப் போட்டார். தண்ணீர் சுட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மெஷினிலிருந்து ஒரு வாசனை கிளம்பியது. நான் ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் பலமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன வாசனை. அடுத்த அகத்தில் கணீரென்று பாசுரம் சேவித்துக்கொண்டிருந்த சுவாமி பாதி அடியில் நிறுத்தினார். மதில் மேல் அவர் தலை முளைத்தது.

"ஓய், உம்ம அகத்துல யாரு ஆம்லெட் போடறா?"

அம்புஜம் மெதுவாகத் திரும்பினாள். "என்ன போட்டுக் கட்டினே?"

"வெள்ளைம்மா."

"என்ன வெள்ளை?"

"முட்டை வெள்ளைதான். வேற இன்னா வெள்ளை?"

அந்தக் கூச்சலை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது. மெஷினையும் கட்டையும் சேர்த்தே தெருவில் வீசச் சொன்னாள். அதுவும் இப்போதே என்றாள். கட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். மூச்சு வாங்க அவள் நிறுத்தியபோது, நிஜமாகவே புரியாத முகத்தோடு கேட்டார்.

"இன்னாத்துக்கும்மா கோவம்? புத்தூர்ல உன் கைக்குப் போட்டாங்களே, அதே வெள்ளைதானே?"

அம்புஜம் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு மெஷினைப் பார்த்தாள். மறுபடி மணிக்கட்டைப் பார்த்தாள். நேரே போய்த் தலைக்கு ஸ்நானம் பண்ணிவிட்டு, ஈரத்தலையோடு வந்து நின்றாள்.

"இந்தக் கையாலதான் தினம் பெருமாளுக்குத் தளிகை பண்றேன். இதை வெட்டி எறிஞ்சுட முடியுமா? கைக்கு ஒரு நியாயம், மெஷினுக்கு ஒரு நியாயமா? இருந்துட்டுப் போகட்டும்."

அடுத்த அகத்துச் சுவாமியே வந்து மெஷினுக்குள் புண்யாஹ ஜலம் தெளித்தார். உபயோக விளக்கப் புத்தகத்தில் அது போட்டிருக்கவில்லை. ஆனால் மெஷின் ஓடியது. நொண்டிக்கொண்டு, முனகிக்கொண்டு ஓடியது. தட்டில் ஒரு பருக்கை இல்லை.

கட்டைப் பிரிக்கப் புத்தூர்க் கட்டு வருவதற்குள் குவைத்திலிருந்த அவருடைய மருமகன் விசா அனுப்பிவிட்டான். சொல்லிக்கொள்ள வந்தவர், "அங்க ஏசியெல்லாம் ஒடிஞ்சி போய்க் கெடக்குதாம் சாமி, பாக்கறதுக்கு ஆளில்லே" என்றார். போகிற அவசரத்திலும் மெஷினைக் காது வைத்துக் கேட்டார். "இன்னும் கூடலே. வந்து பிரிக்கிறேன்." போனவர் போனவர்தான்.

போன தடவை லீவில் வந்த பிள்ளை மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, மூங்கிலும் வேஷ்டியுமாகக் கிடந்த கையைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டான்.

"அம்மா, இதை இப்பவே தூக்கிப் போடு. நாளைக்கே புதுசு வந்துடும்."

"கையை எடுடா" என்றாள் அம்புஜம். "இன்னும் கட்டுப் பிரிக்கலை. கட்டினவர் வந்துதான் பிரிக்கணும்."

அதுவரை பத்தியம்தான். எங்கள் அகத்தில் புளியோதரை செய்து வருஷக்கணக்காகிறது. பரவாயில்லை. எனக்குப் புளியோதரைகூட வேண்டாம். அந்த மனுஷன் ஒருதரம் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டுப் போனால் போதும்.