மச்சினனுக்குக் கிடைத்த பேர்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் 'தேனீக்காரர்' என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும். பாதி ஆயுளை மைக்ராஸ்கோப்பில் கண்ணை ஒட்டவைத்தே தீர்த்தவர். அந்தக் கண்ணுக்கு ஒருநாள் பலன் கிடைத்தது. நம் நாட்டுத் தேனீக்களில், இதுவரை யாரும் பிரித்துப் பார்க்காத ஒரு புது இனம்! பின்னங்காலில் மகரந்தம் சுமக்கும் மயிரே இல்லை. கூடு கட்டாது. உணவு சேர்க்காது. அடுத்த தேனீயின் கூட்டில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். அதன் புழு அங்கிருப்பதைத் தின்று கொழுக்கும்.

பேர் வைக்கிற உரிமை அவருக்கு. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'ரெண்டு நாள் தங்கிட்டுப் போறேன் மாமா' என்று வந்த மச்சினன், அவருடைய படிப்பறையில், அவருடைய போர்வைக்குள், பல்லாண்டு வாழ்ந்துகொண்டிருந்தான்.

"உன் தம்பி பேரை வைக்கப் போறேன்," என்றார் மனைவியிடம்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "எதுக்குங்க?"

"இதுவும் உழைக்காது. அடுத்தவன் வீட்ல உக்காந்து திங்கும். உலகமே படிச்சுச் சிரிக்கட்டும்."

"ஐயோ, வேண்டாங்க! உங்க பேரையே வெச்சுக்கோங்களேன்."

"கண்டுபிடிச்சவனே தன் பேரை வெச்சுக்கிட்டா காறித் துப்புவாங்க."

"அப்ப உங்க அம்மா பேரு?"

"கூடு கட்டாத பூச்சிக்கு எங்கம்மா பேரா? முடியாது. உன் தம்பிதான்!"

அவள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றே அவர் நினைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்த முதல் வழக்கு.

கட்டுரை அச்சேறியது. அச்சேறிய பேரை இனி ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையிலிருந்து திரும்பினால், கூடத்தில் முன்பின் தெரியாத குடும்பம். நடுவில் மச்சினன், குளித்திருந்தான். பெரியவர் ஒருவர் எழுந்து தேனீக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"மாப்பிள்ளை பேர்ல ஒரு தேனீ வம்சமே இருக்காமே! என் பொண்ணு கொடுத்து வெச்சவ."

தேனீக்காரர் சமையலறைக்கு ஓடினார். "என்ன கூத்து இது?"

"வேலை இல்லாட்டியும் போகுது, பையனுக்கு ஒரு பேராவது வேணாமான்னு தரகர் கேட்டாருங்க. இப்ப வந்துருச்சுல்ல?"

"அது எப்பேர்ப்பட்ட பூச்சின்னு எழுதியிருக்கேனே!"

"அது ரெண்டாம் பக்கம். நான் முதல் பக்கத்தைத்தான் காட்டினேன்."

"நானே போய்ச் சொல்றேன்."

"சொல்லுங்க. மச்சினனைக் கேவலப்படுத்தத்தான் இந்த ஆராய்ச்சின்னு உங்க டைரக்டருக்கும் தெரியட்டும்."

கிளம்பியவர் திரும்பி வந்தார். கண்ணைக் கொடுத்துக் கண்ட பூச்சி, உலகம் உள்ளவரை அந்தச் சோம்பேறியின் பேரில். ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம்.

"கல்யாணம் ஆனா தனிக்குடித்தனம் போயிடுவான்ல?"

"அதெப்படிங்க? பேர் வெச்ச பெரிய மனுஷர் கூடவே பொண்ணு இருக்கணும்னு அவங்க ஆசைப்பட்டாங்க. நம்ம ரூமையும் கொடுத்துட்டேன். உங்களுக்குக் கூடத்துல பாய் போதும்ல?"