இடிக்குச் சராசரி கண்டவன்

தேதியும் நேரமும் குறித்து வைப்பவன் பொறுப்பானவன் என்று உலகம் நம்புகிறது. நானும் நம்பித் தொலைத்தேன். எங்கள் வீட்டு மிக்சி எரிந்துபோன தேதிகூட என் டைரியில் உண்டு. (இதுவரை யாரும் கேட்டதில்லை.)

அந்தத் தலைக்கனத்தோடுதான், ஒரு சித்திரை ஞாயிறு மதியம், என் தங்கை கலாவின் கணவர் சேகரை இடிமழைக்குள் பறக்கவிட்டேன்.

சேகருக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை; ஞாயிறானால் பாராகிளைடிங் பைத்தியம். கிருஷ்ணகிரியைத் தாண்டி ஒரு மலையுச்சியிலிருந்து துணி இறக்கையை விரித்து ஓடி, மாந்தோப்புகளுக்கு மேலே மிதப்பார். கோடையில் மதியத்துக்கு மேல் திடீரென்று இடி மேகம் திரளும் என்பதால் உச்சியில் ஒருவர் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். வழக்கமாக நிற்பவர் அன்று வரவில்லை. நான் கை தூக்கினேன்.

சேகர் வாக்கி-டாக்கியைக் கொடுத்தார். "ஒரே வேலதான் மச்சான். மின்னல் தெரிஞ்சா 'எறங்கு'ன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடும். ஆனால் நானோ ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வாளன். ஒரே அளவை நம்பி லைனை நிறுத்தினால் மேனேஜர் தோலை உரிப்பார். மூன்று ரீடிங், அப்புறம் சராசரி, அப்புறம்தான் வாயைத் திறக்கலாம்.

சேகர் ஓடிப் பறந்து உயரே மிதந்துகொண்டிருந்தபோது மத்தூர் பக்கம் மின்னியது. எண்ணினேன். இருபத்து நான்காவது நொடியில் இடி. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர், ஆக, எட்டு. எழுதிக்கொண்டேன்.

"ண்ணா, இடிக்குது. அவர எறங்கச் சொல்லுண்ணா," என்றாள் பக்கத்தில் நின்ற கலா.

"இரு. இது முதல் ரீடிங்."

அடுத்தது ஆறு கிலோமீட்டர். காற்று திசை மாறித் தாளைப் பிய்த்தது. இறங்க வேண்டிய சேகரை ஏதோ மேலே மேலே இழுத்துக்கொண்டிருந்தது.

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? மேல போறாரு பாருண்ணா!"

"இன்னும் ஒண்ணுதாம்மா."

மூன்றாவது, நான்கு. கூட்டினேன், வகுத்தேன். பொத்தானை அழுத்தி நிதானமாக அறிவித்தேன்: "மாப்ள, சராசரி ஆறு கிலோமீட்டர். பயமில்ல."

"வந்துகிட்டே இருக்கறதுக்கு ஏதுடா சராசரி!" முதல்முறையாக என்னை 'டா' போட்டாள். வாக்கி-டாக்கியைப் பிடுங்கினாள். "என்னங்க, எறங்குங்க! எங்கயாவது எறங்குங்க!"

அவர் இறக்கையின் ஓரங்களை இழுத்து மடக்கிச் சுற்றிச் சுற்றி இறங்கினார். ஆலங்கட்டி மழையில் நாங்கள் வழுக்கி விழுந்து கீழே போனபோது, ஒரு மாமரத்தில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால் சுளுக்கு, மற்றபடி உயிரோடு. கலா அழுதுகொண்டே அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

தோப்புக்காரர் அண்ணாந்து பார்த்தார். "ஏம்ப்பா, காய் பறிக்கணும்னா கீழருந்து ஏற மாட்டீங்களா?"

சேகர் என்னைத்தான் பார்த்தார். "மச்சான், இப்ப எத்தன கிலோமீட்டர்?"

இரண்டு வருடம் கழித்துக் கலாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. "அண்ணனுக்கு மட்டும் சொல்லிடாதீங்க. மூணு வலி வரட்டும்னு உக்காந்து எழுதும்," என்று எல்லோரிடமும் கறாராகச் சொல்லிவிட்டாள். மறுநாள்தான் எனக்கு போன் வந்தது.

மருமகள் பிறந்த நேரத்தைச் சரியாகச் சொல்லும்படி இன்றுவரை கெஞ்சுகிறேன். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்:

"சராசரியா, மத்தியானம்."