ராணியம்மாள் வீட்டில் எத்தனை பேர்?

திங்கட்கிழமை ராணியம்மாள் வீட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். புதன்கிழமை மூன்று பேர்தான் இருந்தார்கள். இடையில் யாரும் சாகவில்லை, ஊரைவிட்டும் போகவில்லை.

வைத்திலிங்கத்துக்குத் தலை சுற்றியது. சிதம்பரத்தில் ஒரு சமூக ஆய்வு நிலையத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. கடலூருக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில், நாற்பது வீடுகளிலும் எத்தனை பேர் என்று கேட்டு எழுத வேண்டும். சனிக்கிழமைக்குள் ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் ஸ்ரீமுஷ்ணத்தில் குணசுந்தரியின் அப்பா தாம்பூலம் மாற்றுவார்.

திங்கட்கிழமை, பேனாவும் காகிதமுமாக ஒருவன் வந்தால் அது ரேஷன் கார்டுக்குத்தான் என்று குப்பம் முடிவு கட்டிவிட்டது. செத்துப்போன மாமனார்கள் எல்லாம் உயிரோடு வந்தார்கள். ராணியம்மாள் சொன்ன 'லட்சுமி, வயது இரண்டு' என்பது ஆடு என்று, அது படிவத்தின் ஓரத்தை மென்றபோதுதான் தெரிந்தது.

ஆகவே புதன்கிழமை, இது ரேஷனுக்கு இல்லை, குடும்பத்தின் அளவைப் பற்றிய ஆராய்ச்சி என்று பொறுமையாக விளக்கினான். அவ்வளவுதான். குடும்பக் கட்டுப்பாட்டு வண்டி பின்னாலேயே வருகிறது என்று ஆண்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குள் போய்விட்டார்கள்.

"புள்ளைங்க எங்கம்மா?"

"எங்களுக்கு ஏது தம்பி புள்ளைங்க?" என்றாள் ராணியம்மாள். காயப்போட்டிருந்த வலைக்கு அடியில் எட்டுச் சின்னக் கால்கள் வரிசையாகத் தெரிந்தன.

அலுவலகத்தில் தலைமை ஆய்வாளர் நடனசபாபதி படிவங்களை ஒதுக்கித் தள்ளினார். பியூன் சாமிக்கண்ணு அப்போது மேஜையில் டீ வைத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குச் சராசரி அஞ்சு பேர் வரணும்யா. போன வருஷமே கட்டுரையில எழுதிட்டேன். வரலைன்னா உனக்குக் கேக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

வியாழக்கிழமை, ஒளிந்த பிள்ளைகளை வெளியே வரவழைக்க வைத்திலிங்கம் ஒரு டின் பெப்பர்மிண்ட் கொண்டுபோனான். வந்தார்கள். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைகளும் வந்தார்கள். ஆளுக்கொரு சேலையைப் பிடித்துக்கொண்டு, இதுதான் எங்கள் அம்மா என்றார்கள். சராசரி பதினொன்று.

மத்தியானமே திரும்பிவந்து சாமிக்கண்ணுவிடம் புலம்பினான். குணசுந்தரி வரைக்கும் சொல்லி முடித்தபோது, "எந்தக் குப்பம் சார்?" என்று மட்டும் கேட்டான் சாமிக்கண்ணு.

வெள்ளிக்கிழமை வைத்திலிங்கம் எதையும் விளக்கவில்லை. மிட்டாயும் இல்லை. வெறுமனே கேட்டான்.

"அஞ்சு பேரு தம்பி," என்றாள் ராணியம்மாள். அடுத்த வீட்டில் நாலு. அதற்கடுத்து ஆறு. மறுபடி ஐந்து. யாரும் தயங்கவில்லை. பழகிய முகத்திடம் மக்கள் உண்மையைச் சொல்வார்கள் என்று புத்தகத்தில் படித்தது இதைத்தான் போலும். கடற்காற்றில் நின்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை கூட்டி வகுத்தபோது சராசரி ஐந்து. புள்ளிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"பாத்தியா, கேக்குற விதத்துல கேட்டா ஜனங்க பொய் சொல்ல மாட்டாங்க," என்று நடனசபாபதி எழுந்து நின்று கைகொடுத்தார். நிரந்தர உத்தரவில் கையெழுத்தும் போட்டார்.

உத்தரவோடு வெளியே வந்தவனிடம் சாமிக்கண்ணு டீயை நீட்டினான்.

"அஞ்சு சரியா வந்துச்சா சார்? ராணியம்மா எனக்கு மாமியாருதான். அன்னிக்கே சைக்கிள எடுத்துக்கினு போயி, எந்த ஊட்டுல நாலு சொல்லணும், எந்த ஊட்டுல ஆறு சொல்லணும்னு பிரிச்சுக் குடுத்துட்டு வந்தேன்."