கங்காணியார் குடித்த இஞ்சித் தேத்தண்ணீர்

என் வாழ்க்கையில் நான் எண்ணாமல் விட்டது ஒரே ஒரு கோப்பைத் தேத்தண்ணீர்தான். மற்றதெல்லாம் எண்ணியாகிவிட்டது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்குமிடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி (முழங்கால் வலி வந்தபின் நானூற்று அறுபது). எண்ணுகிறவனுக்குப் பிழை வராது என்று இருபத்தாறு வயதில் நான் நம்பியிருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மயக்க மருந்து டொக்டருக்கு உதவியாளாக இருந்தேன். குழாய்களையும் முகமூடிகளையும் எடுத்து வைக்க வேண்டும். சிலிண்டரில் எவ்வளவு வாயு மிச்சம் என்று பார்க்க வேண்டும். நோயாளி எத்தனை மணி நேரமாக வெறும் வயிற்றோடு இருக்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் பெரியது. வயிற்றில் ஏதாவது இருந்தால், மயக்கத்தில் அது மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். ஆள் எழும்பாமலே போகலாம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் பெரிய கங்காணி. எங்கள் வீட்டைப் பார்க்க வந்தவர், அம்மா நீட்டிய தேத்தண்ணீரைத் தொடவே இல்லை. சம்பந்தம் முடிவாகும்வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். “அப்புறம் பாப்போங்க” என்று எழுந்து போனவர்தான். பதினேழு நாளாகப் பதில் இல்லை.

பதினெட்டாம் நாள் காலை, குடலிறக்க ஆபரேஷனுக்காக அவரையே வார்டிலிருந்து கூட்டிவந்து என் தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள்.

“கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?”

“நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு ரெண்டு ரொட்டி. அதோட சரி.”

‘பத்து மணி நேரம்’ என்று எழுதினேன். அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பனி பாதி, பயம் பாதி.

“தம்பி, இதுல படுத்து எழும்பாம போனவங்க எத்தன பேரு?”

“எங் கணக்குல முன்னூத்தி நாலு பேரு படுத்தாங்க. முன்னூத்தி நாலு பேரும் எழும்பிட்டாங்க.”

“அப்ப நா முன்னூத்தி அஞ்சா?” என்று கேட்டுவிட்டுப் போர்வையை இன்னும் இறுக்கினார். (ஆறுதல் சொல்லும் லட்சணம்!)

அவர் கண் என் பிளாஸ்க் மேல் போனது. உள்ளே அம்மா போட்டுக் கொடுத்த இஞ்சித் தேத்தண்ணீர். என் கை தானாக மூடியைத் திருகி ஊற்றி நீட்டியது. அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். கை நனைத்துவிட்டார்! என் காதில் மேளம் கொட்டியது. அந்தச் சத்தத்தில் என் தொழில் எனக்குக் கேட்கவில்லை.

உள்ளே மேசையில் படுக்க வைத்தோம். தட்டிலிருந்த சாமான்களை எண்ணினேன். பதினான்கு. சரிதான். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உதைத்தது. மறுபடி எண்ணினேன். பதினான்கேதான். முகமூடியோடு குனிந்தபோது கங்காணியார் ஏப்பம் விட்டார். இஞ்சி வாசம்.

டொக்டரம்மா சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார். மயக்க மருந்து ஊசி அவர் கையில் தயாராக இருந்தது.

“டொக்டர்… ஒண்ணு கூடுது.”

“என்ன கூடுது? ஊசியா?”

“இல்ல டொக்டர். தேத்தண்ணி.”

“இப்ப உங்களுக்குத் தேத்தண்ணி வேணுமா?”

“எனக்கில்ல… இவருக்கு… இவருக்கும் வேணாம்…” என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. சொன்னால் வேலையும் பெண்ணும் போகும். சொல்லாவிட்டால் பெண்ணின் அப்பாவே போய்விடுவார்.

மேசையிலிருந்து கங்காணியார் தலையைத் தூக்கினார். “அம்மா, தம்பிய ஏசாதீங்க. நா ஒண்ணுமே சாப்புடல. தேத்தண்ணி மட்டுந்தான். அதுவும் பால் கூட ஊத்தல.” (எங்கள் தோட்டங்களில் தேத்தண்ணீரைச் சாப்பாட்டில் சேர்க்கிற வழக்கம் கிடையாது. மூச்சு விடுவதை யார் எண்ணுவார்?)

“யார் கொடுத்தது?”

“நான்தான் டொக்டர்.”

ஊசி தட்டில் விழுந்த சத்தத்தை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆறு பேர், பன்னிரண்டு கண்கள், எல்லாம் என் மேல். அன்றைய ஆபரேஷன் நின்றது; இரண்டு நாள் கழித்து அவருக்கு அது நல்லபடி முடிந்தது. என்னை அதற்குள் தண்டனையாகப் படுக்கை விரிப்பு அறைக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று மாதம் அங்கேயே விரிப்பு எண்ணினேன் (ஒன்றுகூடக் குறையவில்லை).

வீட்டுக்குப் போகிற அன்று கங்காணியார் என்னைத் தேடி வந்தார்.

“அன்னிக்கு நா குடிச்சது பயத்துல தம்பி. சம்மதத்துல இல்ல.”

கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தேன். “தெரியுங்க” என்றேன்.

“வேல போனாலும் போகட்டும்னு வாயத் தொறந்தீங்களே, அதான் இன்னிக்கு நடந்து வீட்டுக்குப் போறேன். அதோட, கை நனச்சத இனி எப்புடி இல்லங்கிறது? அம்மாவ நாள் பாக்கச் சொல்லுங்க.”

போன வருஷம் எனக்கே குடலிறக்கம். வார்டில் நர்ஸ் வந்து, “ஐயா, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?” என்று கேட்டார். பதினோரு மணி நேரம் இருபது நிமிஷம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் என் மனைவி குறுக்கே விழுந்தாள்: “மிஸ், தேத்தண்ணியையும் சேத்துக் கேளுங்க. இந்த மனுசன் அதுலதான் என்னயக் கட்டுனாரு!”