சம்பந்திக்குப் பிரண்டைத் தேநீர்

வருங்காலச் சம்பந்திக்கு நான் விஷம் கொடுத்தேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வீண்பழி இருபது வருஷமாக நடமாடுகிறது. நான் கொடுத்தது விஷமில்லை. பிரண்டைத் தேநீர். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர்களோடுதான் நான் காலம் தள்ளுகிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. திருவனந்தபுரத்தில், எங்கள் கரமனைத் தெருவில் இலவச எலும்புப் பரிசோதனை முகாம் போட்டார்கள். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள். வைத்தேன். எலும்பின் அடர்த்தி குறைவு, முதுகெலும்பு ஜாக்கிரதை என்று சீட்டு வந்தது. (குதிகாலைப் பார்த்துவிட்டு முதுகெலும்பைப் பற்றிப் பேசுகிற அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல!) பிறகு எடுத்த ஸ்கேனும் அந்தப் பெட்டியோடு கட்சி சேர்ந்துகொண்டது.

டாக்டரம்மா மலையாளி. எங்களுக்காகத் தமிழில் பேசினார். "பேடிக்க வேண்டா அம்மா, பயப்பட ஒண்ணுமில்ல. பால், தயிர் நல்லா சேக்கணும். காலம்பற வெயில்ல நடக்கணும். இந்தக் கால்சியம் குளிகை ரெண்டு நேரம்."

"மூலிகைத் தேநீர் ஏதாவது குடிச்சா எலும்பு வளருமோல்லியோ?"

"குடிச்சோ, தோஷமில்ல. பக்ஷே அதுனால எலும்பு பலமாகாது. குளிகையை நிறுத்தப்படாது, கேட்டோ."

எனக்குச் சுருக்கென்றது. வாராவாரம் பத்திரிகையில் மூலிகை மகிமை படித்து, கத்தரித்து, நோட்டில் ஒட்டி வைத்திருக்கிற என்னிடமா இந்தப் பேச்சு? போதாக்குறைக்கு என் வீட்டுக்காரர், "டாக்டர் சொல்றதைக் கேளேன்" என்றார். அவர் டாக்டர் கட்சி என்றானபின் நான் எந்தக் கட்சி என்று யோசிக்கவே வேண்டாம்.

நேராகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். நாட்டு மருந்துக் கடைக்காரர், "முறிஞ்ச எலும்பையே பிரண்டை ஒட்ட வைக்கும்மா, தேஞ்சதை விட்டுருமா?" என்றார். அடடா, இவரல்லவா டாக்டர்! காய்ந்த பிரண்டையை வாங்கி வந்து, சுக்கும் துளசியும் சேர்த்து ஒரு மாதம் தினமும் கொதிக்க வைத்துக் குடித்தேன். குளிகை அலமாரிக்குள் போயிற்று. காபி போயிற்று, அதோடு பாலும் போயிற்று. பாலை நிறுத்திவிட்டு எலும்பை வளர்க்கப் புறப்பட்ட ஒரே பெண்மணி அந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன்.

அந்தச் சமயத்தில் நவராத்திரி வந்தது. என் பெண் வித்யாவுக்கு அதற்குமுன் இரண்டு வரன்கள் கைக்கு வந்து நழுவியிருந்தன. மூன்றாவது வரன் அவளுக்கே மனசுக்குப் பிடித்துப்போன இடம். பையனின் அம்மா ஆனந்தவல்லி மாமி அதே ஊரில் கோட்டைப் பகுதியில் இருந்தாள். "பெண் பாக்கறதுன்னு தனியா எதுக்கு? கொலுவுக்கு வரேன். உங்க பொண்ணு ஒரு பாட்டுப் பாடட்டும். அது மதி, போதும்" என்று சொல்லியனுப்பியிருந்தாள். கொலு பார்க்கிற சாக்கில் பெண் பார்ப்பது எங்கள் தெருவில் வழக்கம்தான்.

அன்றைக்குப் பார்த்துக் காய்ந்த பிரண்டை தீர்ந்துவிட்டது. பேசாமல் காபி கலந்திருக்கலாம். கலப்பேனா நான்? கொல்லை வேலியில் பச்சைப் பிரண்டை மண்டிக் கிடந்தது. ஒரு கைப்பிடி ஒடித்து வந்தேன்.

பச்சைப் பிரண்டையை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, புளி வைத்து அரைக்காவிட்டால் தொண்டை அரிக்கும் என்பது துவையல் அரைத்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் தேநீரில் எண்ணெய் மிதந்தால் யார் குடிப்பார்கள்? புளியைப் போட்டால் ரசமாகிவிடாதா? இப்படியெல்லாம் யோசித்து, இஞ்சியும் வெல்லமும் மட்டும் போட்டு இறக்கினேன். ருசி பார்த்தாயா என்று இன்றுவரை கேட்கிறார்கள். எப்படிப் பார்ப்பேன்? கொலுவுக்கு நைவேத்தியம் ஆகாமல் எதையும் நாக்கில் வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்பாளுக்குக் காட்டிவிட்டு நேராக வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

"ஏன்னா, உங்களுக்கு?"

"எனக்கு இருக்கற எலும்பு போதும்" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனந்தவல்லி மாமி மரியாதைக்கு முழு டம்ளரையும் குடித்தாள். தொண்டைக்கு இதமாக இருக்குமென்று வித்யாவுக்கும் அரை டம்ளர் கொடுத்தேன். (பெற்ற தாய்!)

பல்லவி தேனாக வந்தது. அனுபல்லவியில் குரல் கரகரத்தது. "நன்னாப் பாடேண்டி" என்று கண்ணாலேயே அதட்டினேன். அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. திரும்பினால் மாமியும் கழுத்தைத் தடவிக்கொண்டு கண்ணைத் துடைக்கிறாள். பாட்டில் உருகிவிட்டாள், கல்யாணம் நிச்சயம் என்று என் மனம் பந்தல் போட ஆரம்பித்தது.

வித்யா இருமலை விழுங்கி விழுங்கிச் சரணத்தை முடித்தாள். முடித்த மறு விநாடி மாமி எழுந்தாள்.

"ஆத்துல புளி இருக்கா?"

"புளியா? எதுக்கு மாமி?"

"இதுல என்ன போட்டேள்?"

"பிரண்டை. எனக்கு எலும்பு கொஞ்சம் வீக். அதான்..."

"பச்சைப் பிரண்டையா? புளியில்லாமலா? எந்து கஷ்டம்! எனக்கும்தான் எலும்பு வீக். டாக்டர் பாலும் குளிகையும் சொன்னா, நான் அதைச் சாப்பிடறேன். ஊருக்கெல்லாம் கொடுக்கறேனா?"

என் வீட்டுக்காரர் எதிரில் வைத்துக் கேட்டாள்! மனுஷர் கொலுப் பொம்மை மாதிரி நின்றார், ஆனால் அவர் மீசை சிரித்தது. மாமி விடுவிடுவென்று என் சமையலறைக்குள் போய், என் பரணி ஜாடியிலிருந்து புளியை எடுத்துக் கரைத்தாள். கிணற்றடியில் அவளும் வித்யாவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கொப்பளித்தார்கள். சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளாமலே மாமி ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

மூன்று நாள் போன் வரவில்லை. வித்யா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன். அவள் பாட்டுக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் குளியலறையில் போய் அழுதேன். அலமாரியைத் திறந்து குளிகையை எடுத்து விழுங்கி, ஒரு டம்ளர் பாலும் குடித்தேன்.

நாலாம் நாள் மாமி கூப்பிட்டாள். குரல் இன்னும் சரியாகவில்லை.

"எங்களுக்குப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. அந்த அரிப்புலயும் சரணம் வரைக்கும் விடாம பாடினாளே, அந்தத் தைரியம் யாருக்கு வரும்? ஆனா ஒரு நிபந்தனை உண்டு."

என்ன கேட்கப் போகிறாள்? நகையா, காரா?

"கல்யாணம் முடியற வரைக்கும் நீங்க சமையக்கட்டுப் பக்கம் வரப்படாது."

வரவிடவில்லை. பெற்ற பெண்ணின் கல்யாணத்தில், வாசலில் நின்ற நாதஸ்வரக்காரருக்கு ஒரு வாய் தண்ணீர் எடுக்கப் போன என்னை, என் வீட்டுக்காரரே கையைப் பிடித்துத் திருப்பி அழைத்துவந்தார். இன்றைக்கும் அந்த வீட்டில் யாராவது இருமினால் மாப்பிள்ளை உள்ளே எட்டிப் பார்த்து, "உங்கம்மா வந்திருக்காளா?" என்று கேட்கிறாராம். இதை என்னிடம் வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னது நான் பெற்ற பெண்!