பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய கெடா

மதுரை ஜில்லாவிலேயே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் எங்கள் கெடாதான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஏனென்றால் அந்தக் காலத்தில் பந்து என்றால் காலேஜில் என் பெயரைத்தான் சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஹாஸ்டலில் ஒரே அறை. அவன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. தலையைக் குனிந்து, நெற்றியை முன்னால் விட்டு, எதிரே வருகிறவன் விலகிக்கொள்வான் என்ற நம்பிக்கையில் நடப்பான். அதனால் கெடா. மெஸ் கதவில் 'இழு' என்று எழுதியிருக்கும். அவன் தள்ளித்தான் திறப்பான். ஒரு வருஷத்தில் கதவும் அதற்குப் பழகிவிட்டது.

நான் ஃபுட்பால் டீமில் சென்டர் ஃபார்வர்டு. ஆள் குறைந்த ஒரு நாள், "சும்மா பின்னாடி வந்து நில்லுடா, போதும்" என்று அவனைக் கூட்டிப்போனது நான்தான். அந்த மேட்சில் நான் இரண்டு கோல் போட்டேன். இரண்டாவது கோல், கார்னரிலிருந்து வளைந்து வந்த பந்தைத் தலையால்... சரி, விடுங்கள். அது யாருக்கும் ஞாபகமில்லை.

கடைசி நேரத்தில் எவனோ கெடாவின் கணுக்காலை மிதித்துவிட்டான். கெடா குனிந்தான். பந்தை எடுத்து அக்குளில் இடுக்கினான். ஓடினான். முதலில் மறித்தவன் உருண்டான். அடுத்த இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கினார்கள். அவர்களையும் இழுத்துக்கொண்டு போய் எதிரணி கோலுக்குள் பந்தைப் பத்திரமாக வைத்தான். கோல்கீப்பர் தானாகவே வழிவிட்டிருந்தான். ரெஃப்ரி சிவப்பு அட்டையைக் காட்டினார். கிரவுண்டே எழுந்து நின்று கைதட்டியது.

வேடிக்கை பார்த்தவர்களில் ஒரு கொழும்புக்காரர் இருந்தார். டவுன்ஹால் ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த பாயின் மச்சான். மேட்ச் முடிந்ததும் நேராக என்னை நோக்கி வந்தார். நான் ஜெர்சியைச் சரிசெய்துகொண்டேன். அவர் என்னைத் தாண்டிப் போய்க் கெடாவின் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீங்க பிழையான விளையாட்டுல நிக்கிறீங்க. இதுக்கெண்டே ஒரு விளையாட்டு இருக்கு. ரக்பி."

"அடிதடியாண்ணே?"

"அடிதடிதான். ஆனா சட்டம் இருக்கு."

முட்டை மாதிரி பந்து. கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கலாம். நடுநடுவே பக்கத்துக்கு எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளுவார்கள். இவ்வளவையும் கேட்டுவிட்டு அறைக்கு வந்த கெடா சொன்னான்:

"எங்க ஊருல இதுக்குக் கேஸ் போடுவாய்ங்க மாப்ள. அங்க சம்பளம் குடுக்குறாய்ங்களாம்."

அன்றிலிருந்து பயிற்சி. பிரேக்டவுன் ஆகிற பஸ்ஸாகப் பார்த்து ஏறுவான். நின்றதும் இறங்கித் தனியாளாய்த் தோள் கொடுத்துத் தள்ளுவான். ஒருமுறை டிரைவர் டீ குடிக்க நிறுத்தியிருந்த வண்டியையும் தள்ளிவிட்டான். அவர் கிளாஸும் கையுமாகப் பின்னாலேயே ஓடி வந்தார்.

படிப்பு முடிந்தது. அவன் சென்னையில் கொஞ்ச காலம் ஆடிப் பழகிவிட்டுக் கொழும்பில் ஒரு கிளப்புக்குச் சம்பளத்துக்குப் போனான். நான் திருமங்கலத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் கிளார்க்காகப் போனேன். பேப்பரில் அவன் படம் வந்தது. உடம்பெல்லாம் சேறு. அது கெடாவா, எருமையா என்று அவன் அம்மாவே யோசித்திருப்பார். ஆனாலும் எங்கள் ஆபீஸ் வாசல் டீக்கடையில் அதை ஒட்டி வைத்தார்கள். பாலிசி கட்ட வருகிறவர்கள் என்னிடம், "சார், அவரு உங்க ரூம்மேட்டாமே? எம்புட்டு சாப்புடுவாரு?" என்று கேட்டார்கள். நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அவன் எனக்குச் செய்த பெரிய அநியாயம், என் கல்யாணத்துக்கு வந்தது. மச்சினன்மார்கள் என்னை விட்டுவிட்டு அவனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"காது என்னண்ணே இப்புடி இருக்கு?"

"முட்டி முட்டி மடிஞ்சு போச்சு தம்பி."

ஆளாளுக்கு அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தார்கள். போட்டோக்காரர், "மாப்பிள்ளை சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அவரு மறையிறாரு" என்றார். என் மனைவி என்னிடம் பேசிய முதல் வாக்கியமே, "அவரு நெசமாவே உங்க ஃப்ரெண்டா?" அந்தக் குரலில் இருந்த மரியாதை அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

சில சீசன்கள் ஆடினான். ஒரு மழை மேட்சில் இரண்டு தடியர்கள் அவன் முழங்காலின் மேல் விழுந்தார்கள். ஆபரேஷன் செய்தும், இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆபீசுக்கு போன் வந்தது.

"திருச்சி ஏர்போர்ட்டுக்கு வாரேன் மாப்ள. வீட்டுல சொல்லாத. நீ மட்டும் வா."

ஊன்றுகோலோடு வெளியே வந்தான். தலை நிமிர்ந்திருந்தது. அவன் அப்படி நடந்து நான் பார்த்ததே இல்லை. குனிந்தால் தடுமாறுகிறது என்றான்.

மதுரை பஸ்ஸில் கூட்டம். கண்டக்டர் உற்றுப் பார்த்தார். "பேப்பர்ல வந்தவரு நீங்கதானண்ணே?" உடனே ஒருவரை எழுப்பி இடம் கொடுத்தார். நான் மதுரை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

மேலூர் தாண்டியதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கண் கலங்கியிருந்தது.

"இனி என்ன மாப்ள செய்யிறது? எனக்கு முட்டுறதத் தவிர ஒண்ணுந் தெரியாதே."

"மொதல்ல எறங்கிப் பரோட்டா சாப்புடுவோம்" என்றேன். மாட்டுத்தாவணியில் அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்ததும், இவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று தைரியம் வந்தது.

பிழைத்துக்கொண்டான். பள்ளிக்கூடம் ஒன்றில் பி.டி. மாஸ்டர் ஆனான். பிள்ளைகள் சட்டையைக் கிழித்துக்கொண்டு வருவதாகப் புகார் சொல்லப் போகிற பெற்றோர்கள், அவனோடு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இப்போது தினமும் காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். எதிரே வருகிறவர்களெல்லாம் "வணக்கம் மாஸ்டர்" என்கிறார்கள். போன வாரம் ஒருவர் என்னிடம், "நீங்க மாஸ்டர் வண்டி டிரைவரா?" என்று கேட்டார்.

அவன் காலைச் சாய்த்துச் சாய்த்து மெதுவாகத்தான் நடப்பான். சர்க்கரைக்கு நான் வேகமாக நடக்க வேண்டும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஒரு நாளும் அவனைத் தாண்டிப் போனதில்லை.