இடுப்புவலி: உண்டு, இல்லை

யாராவது ஒருவர், ஒரே ஒருவராவது, தன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும். நாற்பத்தேழாவது வயதில் கண்ணாடிக் கடைக்காரருக்கு இந்த ஆசை வந்தது. இருபது வருடமாக அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, "இப்ப தெரியுதுங்களா? இப்ப?" என்று குழைந்து கேட்டதில் குரலே தேய்ந்து போயிருந்தது. கடைத்தெருக் கோடியில் ஒரு மாடியில் பெரியவர்களுக்கென்று கராத்தே வகுப்பு தொடங்கியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை போய் விசாரித்தார்.

மாஸ்டர் ஒல்லியான மனிதர். அதிர்ந்து பேசாதவர்.

"முதல் வாரம் சாதாரண உடுப்புல வாங்க சார். சேர்றதுக்கு முன்னாடியே சீருடை வாங்காதீங்க. பாதிப் பேர் அதை வாங்கினதோட நின்னுடறாங்க. நகம் வெட்டியிருக்கணும். மோதிரம், கண்ணாடி கழட்டிடணும். வயிறு முட்டச் சாப்பிட்டு வரக்கூடாது. முக்கியமா, பழைய வலி இருந்தா மறைக்கக் கூடாது."

சொல்லிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

மனைவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. அதுவே முதல் வெற்றியாகப் பட்டது. மறுநாள் அவளே கடைக்குப் போய்ச் சீருடை வாங்கி வந்துவிட்டாள்.

"வேண்டாம்னு மாஸ்டர் சொன்னாரேம்மா."

"அப்புறம் மனசு மாறிடக் கூடாதில்ல? பீரோவுல வெச்சிடறேன்."

தன் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று அவர் நெகிழ்ந்து போனார். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கூடத்தின் நடுவில் நின்று காற்றைக் குத்திக்கொண்டிருந்தார். விதிப்படி கண்ணாடி கழற்றியிருந்தது. கதவும் மனைவியும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். பேசியதை வைத்து எது மனைவி என்று கண்டுகொண்டார்.

"படிவத்தை நான் படிக்கிறேன், நீங்க சொல்லுங்க. ரத்த அழுத்தம்?"

"இல்லை."

"முழங்கால் வலி?"

"இல்லை."

"இடுப்புவலி?"

குத்து காற்றில் பாதியிலேயே நின்றது.

இடுப்புவலி அந்த வீட்டில் எட்டு வருடமாகச் செல்லமாக வளர்ந்து வந்தது. தண்ணீர்க் கேன் வாசலுக்கு வந்தால் அதுவும் வரும். விருந்தாளியின் பெட்டியைக் கண்டால் வரும். படுக்கையறை ஜன்னலை மறைத்து நிற்கும் இரும்பு பீரோவை நகர்த்தலாமா என்று மனைவி கேட்கும்போதெல்லாம் தவறாமல் வரும். சினிமாவுக்குக் கிளம்பினால் மட்டும் வழிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

"உண்டுன்னு போடவா?"

"போட்டா சேர்த்துக்க மாட்டாரே."

"அப்ப இல்லைன்னு போடவா?"

"இப்ப கொஞ்ச நாளா இல்லைதான்..."

"கொஞ்ச நாளுக்கெல்லாம் கட்டம் இல்லைங்க. ரெண்டே கட்டம்தான்."

அவர் யோசித்தார். ஒரு பக்கம் எட்டு வருட நிம்மதி. இன்னொரு பக்கம், தான் நடந்து வந்தால் விலகி வழிவிடும் தெரு.

"இல்லை."

"காதுல விழல."

"இல்லவே இல்லை!"

அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவளும் சாட்சிக்குப் போட்டாள். பேனாவை மூடினாள்.

"ரொம்ப சந்தோஷங்க. வாங்க, பீரோவை நகர்த்திடுவோம்."

பீரோ நான்கு அடி நகர்ந்தது. எட்டு வருடம் கழித்து அந்த அறைக்குள் வெயில் வந்தது. கடைசி அடியில் அவர் இடுப்பில் ஏதோ மளுக்கென்றது. அப்படியே கட்டிலில் சாய்ந்தார்.

"அம்மாடி! இடுப்பு! நெஜமாவே வலிக்குதும்மா!"

"அப்ப எட்டு வருஷமா வலிச்சது?"

"அது... அது வேற வலி, இது வேற வலி."

"இல்லவே இல்லைன்னு போட்ட மை இன்னும் காயலைங்க."

பேச்சு அப்படித்தான். ஆனால் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி, பதமாகத்தான் இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாஸ்டர்கிட்ட மறைக்கக் கூடாதே. என்ன செய்யலாம்?"

"உண்டுன்னு மாத்திடு" என்றார் அவர், சுவரைப் பார்த்து. "வகுப்புல ஒரு இடம் வீணாப் போச்சு."

"அதெல்லாம் போகாது. நீங்க தூங்குங்க."

திங்கட்கிழமை சாயங்காலம் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. பொட்டலம் பிரிபடும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலருகே வெள்ளையாக ஏதோ வந்து நின்றது.

"மாஸ்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேங்க. உங்களுக்குப் பதிலா வீட்டுல யார் வந்தாலும் சரின்னுட்டார். ஏழரைக்குள்ள வந்துடுவேன்."

"சீருடை வேண்டாம்னாரேம்மா, முதல் வாரம்."

"சும்மா போட்டுப் பார்த்தேன். கழட்ட மனசு வரல."

"அந்தக் கண்ணாடியை எடு."

மாட்டிக்கொண்டு பார்த்தார். அவளைவிட அவர் ஒரு தலை உயரம். ஆனால் சட்டைக் கை அவள் மணிக்கட்டில் வந்து சரியாக நின்றது. கால்சட்டை கணுக்காலில் நின்றது. எங்கும் ஒரு விரல் மிச்சமில்லை. விரல்களில் மோதிரம் இல்லை. நகம் இருபதும் ஒட்ட வெட்டியிருந்தது.

"அன்னிக்கு என் அளவுல வாங்கலையா நீ?"

"இல்லவே இல்லைங்க" என்றாள் மனைவி. முஷ்டியை மடக்கி அவர் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிக் காற்றில் குத்தியும் காட்டினாள்.

ஒருவராவது பயப்பட வேண்டும் என்ற அவருடைய ஆசை அன்றே நிறைவேறியது. பயந்தவர் கட்டிலில் படுத்திருந்தார்.